ஜனவரி 4-ஆம் தேதிக்கு முன் மகனுக்கு ஒரு கடிதம்

ஆவாரம்பாளையம்,
கோயம்புத்தூர்.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை என்பதால், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. அம்மாவிடம் பேசுகிறாய் என்பது தெரியும். அவளிடமும் குழந்தையின் சளியைப் பற்றியும் ஓசூர்க் குளிரைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு, பட்டறை எப்படி நடக்கிறது என்று கேட்டால் ஆள் வந்திருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாயாம். வேலை மிகுதியாக இருக்கும் என்று அவளுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 4-ஆம் தேதி, கண்டுபிடிப்புகளாலும் தொழில்களாலும் நம் கோவையை வளர்த்த ஜி.டி. நாயுடு அவர்களின் நினைவு நாள். நம் பகுதிக் குறுந்தொழில்காரர்கள் சேர்ந்து இந்த ஆண்டு ஒரு சிறிய கூட்டம் வைக்கிறார்கள். அதில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மேடையில் நின்று பழக்கமில்லாதவன் நான் என்பது உனக்குத் தெரியும். எனவே பேச வேண்டியதை முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன். நம் வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். படித்துப் பார்த்து, தேவையில்லாததை அடித்துவிட்டு அனுப்பு. உன் சின்ன மாமன் ஓசூருக்கு வந்துவிட்டுப் போனவர் போன வாரம் இங்கே வந்து இரண்டு நாள் தங்கியிருந்தார். அவர் சொன்னவற்றைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

பிறப்பிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, கோவைக்குக் கிழக்கே உள்ள கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு, மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி எப்படி ஓடும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்து, கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, கூலியைச் சேர்த்து வைத்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றி வராமல், அதைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு மறுபடியும் பூட்டினார். இந்தக் கதையைச் சிறு வயதில் உனக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்; நீயும் அதைக் கேட்டுவிட்டு அப்புச்சியின் ரேடியோவைக் கழற்றிப் போட்டதை இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்து வருகிற பகுதியைத்தான் கூட்டத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவருடைய பெருமையைப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் எடுத்த எடுப்பிலேயே ஜெயித்தவர் அல்லர். திருப்பூரில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரவை ஆலை நடத்தி நல்ல பணம் சம்பாதித்தார்; அந்தப் பணத்தோடு பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குப் போய் அத்தனையையும் இழந்து திரும்பினார். அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் 1862-ஆம் ஆண்டு பள்ளிக்கூடம் தொடங்கியவரும், நூற்பாலை கண்டவருமான அந்த முதியவர், தோற்று வந்த இளைஞரிடம் இருந்த திறமையைப் பார்த்தார். பேருந்து வாங்க அவர் செய்த உதவியால்தான் 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் நாயுடுவின் முதல் பேருந்து ஓடியது. அதை அவரே ஓட்டினார். அந்த ஒரு வண்டியிலிருந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. நேரம் தவறாத வண்டிகள் என்று நம் அப்பாரு காலத்து ஆட்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

தோற்றவனை நம்பி ஒரு வண்டியை ஒப்படைத்தவரிடமிருந்து தொடங்குகிறது இந்தக் கதை. நாயுடு அதை மறக்கவில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், பிற்காலத்தில் அவர் நடந்துகொண்ட விதம்தான். வாங்கிய உதவியை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறவர்கள் உண்டு. அவர் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். நம் தொழிலில் உழைக்கிற எவனும் யாரோ ஒருவருடைய பட்டறையில் எதையாவது கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறான், கண்ணு. கற்றுக்கொடுத்தவருக்கே அதைத் திருப்பித் தர வழியில்லை; அவர் நமக்கு முன்பே எல்லாம் தெரிந்தவர்.

மோட்டார் விஷயத்தைச் சற்று விரிவாகப் பேசுவேன், கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங்காரர்களும் இரும்பு கடையும் லேத் பட்டறைக்காரர்களும்தான். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்த பிறகு ஆலைகள் பெருகின. கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த விவசாயிகள் பம்பு செட்டுக்கு மாறத் தொடங்கினார்கள். மோட்டார்கள் கடல் கடந்து வந்துகொண்டிருந்த காலம் அது. 1937-ஆம் ஆண்டு பீளமேட்டில், நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையில், நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரை வெளியிட்டார்கள். அந்தப் பாலசுந்தரம்தான் பின்னாளில் கணபதியில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கட்டி நூற்பாலை இயந்திரங்கள் செய்தவர்; இன்றும் சத்தி ரோட்டில் அந்த இடத்துக்கு டெக்ஸ்டூல் என்றே பெயர். பீளமேட்டில் ஒன்றாக நின்று மோட்டார் செய்தவர்களில் ஒருவர் தனக்கென்று தனித் தொழில் கண்டதனால் இந்த ஊர் குறைந்து போகவில்லை. ஒரு தொழிற்சாலை இரண்டாயிற்று. அந்த இரண்டிலும் வேலை பழகியவர்கள் வெளியே வந்து சந்து சந்தாகப் பட்டறை போட்டார்கள். நம் தெருவில் காலை எட்டு மணிக்குக் கேட்கிற லேத் சத்தம் முழுவதும் அப்படிப் பிரிந்து வந்தவர்களுடைய சத்தம்தான்.

இதைக் கூட்டத்தில் இப்படியே சொல்லலாமா, அல்லது சற்றுச் சுருக்க வேண்டுமா என்று எழுது. எனக்கு இதைச் சுருக்க மனமில்லை. இன்று நாட்டுக்கு வேண்டிய பம்புகளிலும் மோட்டார்களிலும் பெரும் பங்கு நம் ஊரிலிருந்து போகிறதென்றால், ஒரே முதலாளி ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தால் அது நடந்திருக்குமா? வார்ப்பு ஒருவர், ஷாஃப்ட் ஒருவர், வைண்டிங் ஒருவர், பெயிண்ட் ஒருவர் என்று பிரிந்து நின்றதனால்தான், கையில் பணமில்லாதவனும் ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டு பிறருக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைக்க முடிந்தது. வேலை தெரிந்த பையன் வெளியேறும்போது முதலாளிக்கு வலிக்கத்தான் செய்யும். வலிக்காது என்று நான் சொல்லவில்லை. மூன்று ஆண்டு பக்கத்தில் நிற்க வைத்து, மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவன் கெடுத்த ஜாப்புகளுக்கெல்லாம் ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் நாம் பேச்சு வாங்கி, கடைசியில் கை திருந்துகிற நேரத்தில் அவன் போகிறான் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? பொதுவாகச் சொல்கிறேன்.

நாயுடுவின் கொடையைப் பற்றிப் பேசும்போது, 1944-ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. போக்குவரத்துத் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் அதன் நிர்வாகத்திலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகைகளுக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணத்தை ஒதுக்கினார். அதற்கு அடுத்த ஆண்டே, அவர் கொடுத்த நன்கொடையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. சென்னை மாகாண ஆளுநரின் பெயரை வைத்தார்கள். கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. ஆனால் அவிநாசி ரோட்டில் அது இருந்த இடத்தைப் பேருந்து நடத்துநர்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே கூப்பிடுகிறார்கள். நீ படித்த நாட்களில் அந்த நிறுத்தத்தில்தான் உனக்காகக் காத்திருப்பேன்.

அந்தக் கல்லூரிக்கு அவரே முதல்வராக இருந்தார் என்பதும், பிறகு அந்தப் பதவியை விட்டு விலகினார் என்பதும் பலருக்குத் தெரியாது. நான்கு ஆண்டு படிப்பு மாணவனுடைய காலத்தை வீணாக்குகிறது, சரியாகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு ஆண்டே போதும் என்று அவர் வாதாடினார், அன்றைய அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வெளியேறினார். இரண்டு ஆண்டு போதுமா போதாதா என்பதைப் படித்தவர்கள் முடிவு செய்யட்டும். அவர் எதற்கு அவசரப்பட்டார் என்பதை மட்டும் நான் யோசித்துப் பார்க்கிறேன். கற்றுக்கொள்கிறவன் சீக்கிரம் கற்றுக்கொண்டு, சீக்கிரம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். பையன் நம்மிடமே எத்தனை காலம் இருப்பான் என்று கணக்குப் போடுகிறவனுக்கு இந்த அவசரம் வராது.

அவர் கண்டுபிடித்தவற்றை எல்லாம் அடுக்கினால் அரைமணி நேரம் போதாது. மெல்லிய தகடு கொண்ட சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம், மின்கலத்தில் ஓடிய ரேசன்ட் சவரக் கருவி என்று பட்டியல் நீளும். பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய ரகங்களைக் கொண்டுவந்தார். ஆனால் இவற்றில் இரண்டை மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். 1941-ஆம் ஆண்டு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ஆம் ஆண்டு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தார். அரசு உரிமம் தராததால் அது நின்றுபோயிற்று. ரேடியோவும் காரும் வசதியுள்ளவர்கள் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற விலை என்ன என்பதிலிருந்துதான் அவர் கணக்கைத் தொடங்கினார். மின்சார வண்டிகளுக்கு உதிரி செய்கிற உன்னிடம் இதை விளக்க வேண்டியதில்லை. நீ முதல் முதலில் செய்த அந்த அலுமினிய ஹவுசிங்கை நம் வீட்டு ஷோகேஸில்தான் அம்மா வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டி, இது என் மகன் செய்தது, ஒரு முடி கனம்கூட அளவு தவறாது என்று சொல்கிறாள். உன் கையில் இருக்கிற சுத்தம் என் கைக்கு வராதது. இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை என்று அம்மா குறைப்படுவதால் எழுதுகிறேன்.

சர் சி.வி. ராமன் நாயுடுவைப் பாராட்டிப் பேசியிருக்கிறார். கல்வியாளர், பல துறைகளில் தொழில் முனைந்தவர் என்று சொல்லிவிட்டு, சக மனிதர்மீது அன்பு நிறைந்தவர், அவர்களுடைய கஷ்டத்தில் உதவ விரும்புகிறவர் என்று சொல்லி, பத்து லட்சத்தில் ஒருவர் என்றும் அதுகூடக் குறைத்துச் சொன்னதாக இருக்கலாம் என்றும் முடித்திருக்கிறார். ஒரு விஞ்ஞானி, அந்த மனிதருடைய மனத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாரென்றால் அவர் கண்டது இயந்திரங்களை மட்டும் அல்ல. இந்த இடத்தில் கூட்டத்தில் கைதட்டுவார்கள் என்று உன் சின்ன மாமன் சொல்கிறார்.

இதற்குப் பிறகு எங்கள் முதலாளி அய்யாவைப் பற்றி நான்கு வார்த்தை பேசலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன். நினைவு நாள் கூட்டத்தில் சொந்தக் கதை பேசக் கூடாது என்று உனக்குத் தோன்றினால் அடித்துவிடு. ஆனால் நாயுடுவை நான் தூரத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. அவர் 1974-ஆம் ஆண்டு மறைந்தபோது நான் டவுசர் போட்ட பையன். எனக்கு அவர் யாரென்று தெரிந்ததெல்லாம் அய்யா மூலமாகத்தான். இளவயதில் யு.எம்.எஸ். பணிமனையில் வேலை பழகிவிட்டு வந்து, பாப்பநாயக்கன்பாளையத்தில் தகரக் கொட்டகையில் பட்டறை போட்டவர் அய்யா. இஞ்சினைக் கழற்றினால் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் வைக்க வேண்டும், பூட்டும்போது பையன்தான் பூட்ட வேண்டும், தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பார். தனக்குத் தெரிந்த எந்த அளவையும் அவர் பையன்களிடமிருந்து மறைத்து வைத்ததில்லை. ரீவைண்டிங் கணக்கு நோட்டு மேசைமேல்தான் கிடக்கும். எந்தப் பையனும் எடுத்துப் பார்க்கலாம்.

1983-ஆம் ஆண்டு நான் தனியாகப் பட்டறை போடப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, அவர் ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அவருக்கும் வலித்தது. மறுநாள் காலையில் கூப்பிட்டு, யார் யாரிடம் ஆர்டர் கேட்கப் போகிறாய் என்று கேட்டார். நான் பயந்துபோய் அவருடைய பார்ட்டி யாரிடமும் போக மாட்டேன் என்று சொன்னேன். அவர் ஒரு சீட்டை எடுத்து, சூலூர்ப் பக்கம் இருந்த பழைய பார்ட்டி ஒருவருக்கு என் பெயரை எழுதிக் கொடுத்து, சின்ன ஜாப்புகளை இனி இவனிடம் கொடுங்கள், என்னிடம் பழகியவன், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்ட்டி கொடுத்த வேலையில்தான் உன் அக்கா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள், நீ பிறந்தாய். அய்யாவின் பட்டறையில் அதனால் வேலை குறைந்துவிடவில்லை. அவரிடம் பழகிப் பிரிந்த நாங்கள் எல்லோரும், எங்களால் முடியாத பெரிய வேலை வந்தால் அவரிடம்தான் கொண்டுபோய் நிறுத்தினோம். நாற்றங்காலிலேயே விட்டு வைத்த நாற்று எந்தக் களஞ்சியத்தை நிறைக்கும், கண்ணு? அது பிடுங்கி நடுவதற்காகத்தான் இருக்கிறது.

நான் பொதுவாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் இந்த இடத்துக்கு வந்த பிறகு சின்ன மாமன் சொன்னதை எழுதாமல் இருந்தால் நான் உன்னிடம் ஒளிக்கிறவன் ஆவேன். அந்த இரண்டு தர்மபுரிப் பையன்களும் உன்னிடமிருந்து விலகி, அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாலு ஷெட் தள்ளி வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறார்கள் என்றும், உன்னுடைய ஒரு பார்ட்டி அவர்களிடம் போய்விட்டதென்றும், நீ வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் தயார் செய்து வைத்திருக்கிறாய் என்றும் சொன்னார். மின்சார இணைப்புக்கு அவர்களுக்கு யாரும் உதவக் கூடாது என்று நீ நாலு பேரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். அதைத்தான் நான் நம்பவில்லை. அந்தப் பையன்களில் சின்னவனுக்கு விரலில் அடிபட்ட இரவு, நீ விடியும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அவனுடைய அம்மாவுக்குச் சொல்லாமல் நீயே கையெழுத்துப் போட்டுத் தையல் போட வைத்தவன். போன பொங்கலுக்கு அவர்களை இங்கே அழைத்து வந்தபோது அம்மா சந்தகை பிழிந்து போட்டாள். நீ அவர்களைக் காட்டி, இவர்களுக்குப் புரோகிராம் போடக் கற்றுக்கொடுத்துவிட்டேன் அப்பா, இனி நான் இல்லாமலே மெஷின் ஓடும் என்று சொன்னாய். அன்று உன் முகத்தில் நான் பார்த்த பெருமை, உனக்கு வேலை கிடைத்த நாளிலோ உன் கல்யாணத்திலோ பார்த்ததில்லை.

நோட்டீஸ் அனுப்ப உனக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. உன்னுடைய டிராயிங்கையோ ஃபிக்சரையோ அவர்கள் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது தவறு. அதை நீ கேட்கத்தான் வேண்டும், நானே வந்து உன்னோடு நின்று கேட்கிறேன். ஆனால் சின்ன மாமன் துருவித் துருவிக் கேட்டபோது அப்படி எதுவும் இல்லை என்று நீயே சொன்னாயாம். அவர்கள் எடுத்துக்கொண்டு போனது நீ கற்றுக்கொடுத்ததை மட்டும்தான் என்றால், அதை எந்த வக்கீலும் திருப்பி வாங்கித் தர மாட்டார். பார்ட்டி போனது வருத்தம்தான். வங்கித் தவணை இருக்கிறது, புது மெஷின் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. தவணைக்குக் கஷ்டமென்றால் பொள்ளாச்சி இடத்தைப் பற்றி நாம் பேசலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் நீ பதில் சொல்லவில்லை. பணக் கஷ்டத்தை அப்பாவிடம் சொல்லாமல் கோபத்தைப் பையன்கள்மேல் காட்டுகிறாயோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்.

மறுபடியும் பேச்சுக்கு வருகிறேன். 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர். அந்தப் பாலம் ஹோப் காலேஜ் மேலாகப் போகிறது, பீளமேட்டைத் தாண்டுகிறது. அவர் மோட்டார் செய்த ஊரும் கல்லூரி கண்ட இடமும் அதன் கீழேயே இருக்கின்றன. அவர் குடும்பத்தார் நடத்தும் அறக்கட்டளையின் அருங்காட்சியகமும் அந்த ரோட்டில்தான். பையன்களுக்கு ஜெர்மன் முறையில் தொழில் பயிற்சி கொடுக்கும் நிறுவனமும் நடக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். பேச்சின் முடிவில் பாலத்தைச் சொல்லலாமா, பயிற்சிக் கூடத்தைச் சொல்லலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குப் பயிற்சிக் கூடம் என்று தோன்றுகிறது. பாலம் அரசாங்கம் கட்டியது. பயிற்சிக் கூடத்திலிருந்து ஆண்டுதோறும் பையன்கள் வெளியே போகிறார்கள்.

இன்னொரு விஷயம். இது என் யோசனை மட்டும் அல்ல, அம்மாவும் சேர்ந்து சொன்னது. நான் பட்டறையை நிறுத்திய பிறகு, அய்யா எனக்குத் தவணையில் கொடுத்த அந்தப் பச்சை லேத் பின்கட்டில் சும்மா நிற்கிறது. பழைய இரும்புக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. அடியில் இருக்கும் பெட்டுக்கு இன்னும் தேய்மானம் இல்லை, பொருளைப் பிடிக்கும் ‘சக்’ மட்டும்தான் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் வைத்திருக்கிற உனக்கு அது தேவைப்படாது. புதிதாக ஷெட் போட்டவர்களுக்குச் சில்லறை வேலைக்கு அப்படி ஒன்று இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். அதை ஓசூருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். உன்னைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன். அந்தப் பையன்களிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அனுப்பினால் உன் கையால்தான் அவர்களுக்குப் போக வேண்டும், உன் பெயரில்தான் லாரி ரசீது போட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் பேச்சைத் திருத்தி அனுப்பும்போது அதன் அடியில் ஒரு வரி எழுது. ஜனவரி 2-ஆம் தேதிக்குள் வந்தால் எனக்கு மனப்பாடம் செய்ய இரண்டு நாள் கிடைக்கும். அதுவரை அந்த நோட்டீஸ் வக்கீல் மேசையிலேயே இருக்கட்டும்.

குழந்தைக்குச் சளி விட்டதா என்று அம்மா கேட்கிறாள். மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள
அப்பா